இரண்டாவது அடி

அஞ்சலாட்சி இடது கையால் ரோஜாவை வாங்கிக்கொண்டபோது பூர்ணிமாவுக்குச் சுருக்கென்றது.

வருகிறவர்களை வாசலில் நின்று தானே வரவேற்க வேண்டும் என்று பூர்ணிமா ஒரு வாரத்துக்கு முன்பே முடிவு செய்திருந்தாள். சந்தனக் கிண்ணம், பூத்தட்டு, பட்டுப்புடவை என்று அரங்க வாசல் கல்யாண வீடு போல இருந்தது. பிரான்சிலிருந்து வந்திருந்த மதாம்கூட இரண்டு கையையும் குவித்துப் பூவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இதே ஊரில் ஊசுட்டேரிப் பக்கம் பிறந்து வளர்ந்த அஞ்சலாட்சியோ வலது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு இடது கையை நீட்டுகிறாள். நேரில் போய் அழைக்காமல் போனில் கூப்பிட்டோமே, அந்தக் கோபமாக இருக்கும் என்று பூர்ணிமா நினைத்துக்கொண்டாள். என்னக்கா, வருத்தமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பின்னால் ஒரு வரிசையே காத்து நின்றது, கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்று மாலை நடந்தது எதுவும் நடந்திருக்காது என்று பிற்பாடு பல நாள் நினைத்துப் பார்த்திருக்கிறாள். நடந்ததே நல்லது என்றும் சில நாள் நினைத்திருக்கிறாள்.

பூர்ணிமாவின் தொழில் என்னவென்று சொல்லிவிட வேண்டும். பெற்றவருக்கே அது இன்னும் சரியாக விளங்கவில்லை. ஊரின் சத்தங்களைப் பதிவு செய்து, வெட்டி, ஒட்டி, நீட்டி, குறுக்கி, அவற்றையே இசையாக்குகிறவள் அவள். வீணை கிடையாது, வயலின் கிடையாது, பாடுகிறவர் கிடையாது. வைத்திக்குப்பத்தில் படகை மணலில் இழுக்கும் சத்தம், பெரிய மார்க்கெட்டில் மீன் வெட்டும் கத்தி, நோணாங்குப்பம் படகுத்துறையில் மோட்டார் இருமிவிட்டுக் கிளம்புவது, மாதா கோயில் மணி, இவைதான் வாத்தியங்கள். அந்தந்த இடத்தின் படம் பின்னால் பெரிய திரையில் ஓடும். சத்தமும் படமும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டே போகும். அவள் அப்பா தெய்வசிகாமணி மில்லில் முப்பது வருஷம் தறி ஓட்டியவர். மகள் விளக்கியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சன்னலைத் திறந்து வைத்தால் போதாதா, இதற்கு எதற்குப் பிரான்சிலிருந்து ஆள் வர வேண்டும் என்றார்.

ஆள் வந்துவிட்டது என்பதுதான் விஷயம். ஒன்றேகால் வருஷ உழைப்பு. ஐந்து பகுதிகள் கொண்ட ஒரு சிம்பொனி. இன்றைக்கு நன்றாக அமைந்தால் நவம்பரில் பிரான்சில் ஒரு விழாவுக்கு அது போகும். மதாம் அதைப் பார்த்து முடிவு செய்யத்தான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஐந்தில் மூன்றாவது பகுதியின் மேல்தான் பூர்ணிமா உயிரையே வைத்திருந்தாள். அதற்கு 'மேட்டுப்பாளையம்' என்று பெயர்.

மூன்று மாதத்துக்கு முன்னால், ஊரை ஒட்டியிருந்த மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் கதவுக் கீல் செய்கிற சின்னக் கம்பெனி ஒன்றுக்குப் பூர்ணிமா போயிருந்தாள். அங்கே அஞ்சலாட்சி பவர் பிரஸ்ஸில் வேலை செய்தாள். தகட்டை அச்சின் மேல் வைக்க வேண்டும். கையை எடுத்துவிட்டுக் காலால் பெடலை மிதிக்க வேண்டும். மேலேயிருந்து இரும்பு ஒரு முறை இறங்கி அடித்துவிட்டு ஏறும். வெட்டுப்பட்ட துண்டை எடுத்துவிட்டு அடுத்த தகட்டை வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாலாயிரம் தடவை. ஒரு மிதிக்கு ஒரு அடி. அந்த இயந்திரத்தின் சட்டம் அவ்வளவுதான்.

பூர்ணிமா ஹெட்போனை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் கேட்டாள். டக். டக். டக். அலுப்புத் தட்டுகிற நேரத்தில் டக்-டக் என்றது. யாரும் மிதிக்காமலே இரண்டாவது அடி ஒன்று, சற்று அவசரமாக, முதல் அடியின் காலை மிதித்துக்கொண்டு விழுந்தது. அவளுக்குப் புல்லரித்துவிட்டது. முப்பது நாற்பது அடிக்கு ஒரு முறை, எப்போது வரும் என்று சொல்ல முடியாதபடி அது வந்தது. இத்தனை நாள் தேடிய தாளம் இதுதான் என்று முடிவு கட்டினாள். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் அஞ்சலாட்சி உடனே கையை உள்ளே விடாமல் ஒரு கணம் காத்திருந்து, அதன் பிறகே துண்டை எடுத்தாள். அந்தத் தயக்கம்கூட பூர்ணிமாவுக்கு அழகாகப் பட்டது. கூடப் படித்த கேமராக்காரன் இனியவனை விட்டு அந்தக் கைகளை மட்டும் நெருக்கமாகப் படம் எடுக்கச் சொன்னாள். கண்ணாடி வளையல், விரல் நுனியில் மருதாணி, உள்ளே போய் வெளியே வரும் பத்து விரல்கள்.

"நாலு நாளா இதுக்குப் புத்தி சரியில்ல பாப்பா. தானா இன்னொரு அடி வுழுது," என்றாள் அஞ்சலாட்சி. பூர்ணிமா அந்த வரியை நோட்டில் எழுதிக்கொண்டாள். எங்கேயாவது உபயோகப்படும் என்று.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ரெக்கார்டரைப் பிரஸ்ஸுக்குப் பக்கத்துத் தூணில் கட்டி ஓடவிட்டாள். சாயங்காலம் வரை அது பாட்டுக்கு ஓடட்டும், அதற்குள் நோணாங்குப்பம் போய்ப் படகு மோட்டாரைப் பிடித்துவிட்டு வரலாம் என்று திட்டம். அஞ்சலாட்சி சேலைக்கு மேல் கம்பெனிச் சட்டையை மாட்டிக்கொள்ளப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்துப் பிட்டர் வடிவேல் ஸ்பானர் பையோடு வந்து நின்றார். கிளட்ச்சில் கோளாறு, கழற்ற வேண்டும், நாலு மணி நேரம் ஆகும் என்று சூப்பர்வைசர் சக்கரபாணியிடம் சொன்னார். பூர்ணிமாவுக்குப் பகீரென்றது. கழற்றிச் சரி செய்துவிட்டால் இரண்டாவது அடி போய்விடுமே.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கதவு கிறீச்சிட்டால் எண்ணெய் விடாதே என்பார்கள். குழாய் சொட்டினால் வாஷர் மாற்றாதே என்பார்கள். பதிவு முடிகிற வரைக்கும் உலகத்தில் எதையும் யாரும் பழுது பார்க்கக் கூடாது. பூர்ணிமாவும் அதைத்தான் செய்தாள். இன்றைக்கு ஒரு நாள் மட்டும் அப்படியே விட்டுவிட முடியுமா என்று கெஞ்சினாள். சக்கரபாணிக்கு அன்று ஆர்டர் அவசரம். இயந்திரம் நாலு மணி நேரம் நிற்பது அவருக்கும் பிடிக்கவில்லை. உடனே சரி என்றார். வடிவேல் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார். பூர்ணிமா சந்தோஷமாக நோணாங்குப்பத்துக்கு ஸ்கூட்டரை விட்டாள்.

ரெக்கார்டர் மறுநாள் கம்பெனி டிரைவர் கையில் வீடு தேடி வந்தது. சக்கரபாணி போனில் பேசினார். வேலை மும்முரமாக இருக்கிறது, இனிமேல் வர வேண்டாம், எந்த இடத்திலும் கம்பெனி பெயரைப் போட வேண்டாம் என்றார். பெரிய மனசு, விளம்பரம்கூட வேண்டாம் என்கிறார் என்று பூர்ணிமா எண்ணினாள்.

ஒன்பது மணி நேரப் பதிவை யாரும் உட்கார்ந்து முழுசாகக் கேட்பதில்லை. கம்ப்யூட்டரில் சத்தம் மேடும் பள்ளமுமாகத் தெரியும். அதைப் பார்த்தே வேண்டியதைப் பொறுக்கிக்கொள்வார்கள். காதால் பிழைக்கிறவர்கள் கண்ணால் கேட்கிற காலம் இது. பார்த்துக்கொண்டே வந்தவள் காலை பதினொன்று நாற்பது மணியைக் காட்டிய இடத்தில் நின்றாள். அங்கே மேடுகளெல்லாம் ஒவ்வொன்றாக அமுங்கியிருந்தன. அந்த இடத்தை மட்டும் கேட்டாள். டக்-டக். பிரஸ் நின்றது. பக்கத்து இயந்திரம் நின்றது. அதற்கடுத்தது நின்றது. கடைசியில் மூலையிலிருந்த கிரைண்டர் இழுத்துக்கொண்டே போய் ஓய்ந்தது. கொட்டகையே அடங்கிவிட்டது. கரண்ட் போயிருக்கிறது என்று சிரித்துக்கொண்டாள். இந்த ஊர்க்காரிக்கு அதை யாராவது சொல்லித் தர வேண்டுமா? மூன்றாம் பகுதிக்கு இதைவிட நல்ல முடிவு கேட்டாலும் கிடைக்காது. அந்த நிசப்தத்துக்கு அடியில் ஒரு ரீங்காரம் மட்டும் மிச்சமிருந்தது, கொட்டகையின் மின்விசிறி. பதிவைச் சுத்தம் செய்கிற பழக்கத்தில் அதை வழித்து எடுத்துப் போட்டாள். அதன் பிறகு ஆட்கள் கூடிப் பேசும் மேடுகள் தெரிந்தன. கரண்ட் போனால் நாலு பேர் கூடிப் பேசத்தான் செய்வார்கள் என்று அங்கேயே வெட்டிவிட்டாள்.

"நான் மட்டும் அன்னிக்குக் கெஞ்சலன்னா இந்த ரெண்டாவது அடி கெடச்சிருக்குமா சொல்லு," என்று இனியவனிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள்.  அவனும் ஒவ்வொரு தடவையும் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறான்.

நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்னால்தான் அந்த யோசனை தோன்றியது. மூன்றாம் பகுதி ஓடும்போது திரையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். இடது பாதியில் படம் பிடித்த கைகள். வலது பாதியில் அதே கைகள் நேரலையாக, அரங்கத்தில் உட்கார்ந்து தாளம் போடுவது. அஞ்சலாட்சிக்கு முன்கூட்டிச் சொல்லக் கூடாது, ஆச்சரியமாக இருக்கட்டும். உழைக்கிற கைக்கு அரங்கமே மரியாதை செய்கிற மாதிரி இருக்கும். அன்று இரவே அஞ்சலாட்சிக்குப் போன் செய்து, உங்க மெஷின் சத்தத்தை ஊரே கேட்கப் போகிறது, கட்டாயம் வர வேண்டும் என்றாள்.  "ரெண்டாவது அடியும் வருமா பாப்பா?" என்று அஞ்சலாட்சி கேட்டாள். அதுதான் கதாநாயகனே என்றாள் பூர்ணிமா. வரேன் என்று சொல்லி வைத்துவிட்டாள் அஞ்சலாட்சி.

இப்போது அவள் மூன்றாம் வரிசையில் மடியில் ரோஜாவோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன் வரிசையில் சக்கரபாணி, சலவைச் சட்டையில். அவரையும் பூர்ணிமா மறக்காமல் அழைத்திருந்தாள். அவர் திரும்பி அஞ்சலாட்சியைப் பார்த்ததையும், பிறகு கழுத்தே திரும்பாத மாதிரி உட்கார்ந்துகொண்டதையும் பூர்ணிமா கவனிக்கவில்லை. அவள் மேடையில் பேசிக்கொண்டிருந்தாள்.

நான் ஒரு மில் தொழிலாளியின் மகள், இயந்திரச் சத்தம்தான் எனக்குத் தாலாட்டு என்றாள். அரங்கம் தட்டியது. தறிச் சத்தத்தில் ஒரு காதைப் பறிகொடுத்திருந்த அப்பாவுக்குத் தாலாட்டு என்ற சொல் எட்டவில்லை. மற்றவர்களைப் பார்த்து அவரும் தட்டினார். மூன்றாம் பகுதியில் உங்களுக்கும் வேலை இருக்கிறது என்று பூர்ணிமா சொன்னாள். இயந்திரம் சில சமயம் இரண்டாவது அடி ஒன்று அடிக்கும், அது விழும்போது நீங்களும் சேர்ந்து கை தட்ட வேண்டும் என்றாள். முந்நூறு பேரும் ஒத்திகை பார்த்தார்கள். சிரிப்பும் கலகலப்புமாக இருந்தது.

முதல் இரண்டு பகுதிகளும் வழுக்கிக்கொண்டு போயின. மதாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், அது நல்ல அடையாளம். அரங்கத்தின் பின்பக்கம், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் முன்னால், காதில் ஹெட்செட்டோடு பூர்ணிமா நின்றாள். வியர்வை காய்ந்து மனசு லேசாகிவிட்டது. மூன்றாம் பகுதி தொடங்கியது. திரை முழுக்க மருதாணிக் கைகள். டக். டக். டக். டக்-டக். அரங்கம் ஒரே கையாகத் தட்டியது. அடுத்த முறை இன்னும் பலமாகத் தட்டியது. குழந்தைகள் இருக்கையில் ஏறி நின்று தட்டினார்கள்.

பூர்ணிமா ஹெட்செட்டில் இனியவனுக்குச் சைகை கொடுத்தாள். திரை இரண்டானது. வலது பாதியில் அஞ்சலாட்சியின் முகம் வந்தது. தன் முகத்தைத் தானே அவ்வளவு பெரிதாகப் பார்த்தும் அவள் கூச்சப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. தாளத்தைக் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கையைக் காட்டு என்றாள் பூர்ணிமா. கேமரா இறங்கியது. மடியில் இடது கையும் ரோஜாவும். வலது கை முந்தானைக்குள்.

"அக்காவ ரெண்டு கையையும் தூக்கச் சொல்லு இனியா."

இனியவன் கேமராவுக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டிக் காட்டினான். அக்கம்பக்கத்தில் உட்கார்ந்திருந்த நல்லவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வெட்கப்படாதீங்கம்மா, தட்டுங்க, ஊரே பார்க்குது என்று உற்சாகப்படுத்தினார்கள்.

அஞ்சலாட்சி திரையை நிமிர்ந்து பார்த்தாள். அதில் உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்த தன் பத்து விரல்களையும் பார்த்தாள். பிறகு ரோஜாவை இடது கையில் பிடித்தபடி எழுந்து நின்று, முந்தானையை விலக்கி, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினாள்.

கட்டை விரல் இருந்தது. சுண்டு விரல் இருந்தது. நடுவில் மூன்று விரல்களும் இல்லை.

திரையில் அது ஓர் ஆள் உயரத்துக்குத் தெரிந்தது. கைதட்டல் சட்டென்று நிற்கவில்லை. முன்வரிசையில் நின்றது, நடுவில் தடுமாறியது, பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் மட்டும், என்னவென்று புரியாமல், அடுத்த இரண்டாவது அடிக்கும் தட்டிவிட்டு அடங்கினார்கள். ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. இடது பாதியில் மருதாணிக் கை தன் பாட்டுக்கு உள்ளே போய் வந்தது. டக். டக். டக்-டக்.

பூர்ணிமாவின் விரல் மிக்ஸரின் விசையில் இருந்தது. அதை இறக்க வேண்டும் என்று தெரிந்தது, விரல் அசையவில்லை. முதலில் அவளுக்குத் தோன்றியதைச் சொன்னால் அவளுக்கு அவமானம்தான், ஆனால் தோன்றியது அதுதான்: கேமராவைத் திருப்பு, மதாம் பார்க்கிறார். நல்லவேளை, வாய் எழவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் பகுதி யாரையும் கேட்காமல் முடிவுக்குப் போனது. டக்-டக். பிரஸ் நின்றது. பக்கத்து இயந்திரம் நின்றது. அடுத்தது நின்றது. கிரைண்டர் இழுத்துக்கொண்டே போய் ஓய்ந்தது. பிறகு அவள் வழித்துத் துடைத்து வைத்த நிசப்தம்.

அந்த நிசப்தத்தில்தான் மின்விசிறி அவள் ஞாபகத்துக்கு வந்தது. கரண்ட் போயிருந்தால் மின்விசிறி எப்படி ஓடும்?

மூன்று மாதமாக அவள் அந்த இடத்தைத் தினமும் கேட்டிருக்கிறாள். நண்பர்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறாள். எவ்வளவு அழகாக அடங்குகிறது பார் என்று சொல்லியிருக்கிறாள். 

அஞ்சலாட்சி கையை இறக்கவில்லை. இசை முடிந்துவிட்டது என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, சுற்றியிருந்தவர்களைப் பார்த்துப் பேசினாள். குரலை உயர்த்தவில்லை, அரங்கம் அவ்வளவு அமைதியாக இருந்தது.

"ரெண்டாவது அடி எல்லாருக்கும் கேட்டுச்சில்ல?"

 பூர்ணிமாவின் அப்பா, பக்கத்திலிருந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, கேட்டுச்சும்மா என்றார்.

"அது போதும். நான் கவனமில்லாம ரெண்டு தடவ பெடல மிதிச்சிட்டேன்னு கம்பெனியில எழுதி வச்சிருக்காங்க. எங்க வீட்டுக்காரரே என்ன நம்பல. பதினாறு வருசமா அந்த மெஷின்ல உக்காந்தவ நான். நான் மிதிக்கல. தானா வுழுந்துச்சு. இந்தப் பாப்பா அந்தச் சத்தத்த ஊருக்கே போட்டுக் காட்டப் போவுதுன்னு சொன்னதும்தான் எனக்கு உசுரு வந்துச்சு. விசயத்த முன்னாலயே சொன்னா யாராவது தடுத்துடுவாங்கன்னுதான் வாயத் தெறக்கல."

சொல்லிவிட்டு அரங்கத்தின் பின்பக்கம் திரும்பி, பூர்ணிமாவைத் தேடிப் பிடித்து, கும்பிட்டாள். ஐந்து விரலும் இரண்டு விரலும் சேர்ந்த கும்பிடு.

சக்கரபாணி எழுந்தார். கோபப்படவில்லை, வருத்தமான குரலில்தான் பேசினார். அந்தம்மாவுக்கு நடந்ததை நினைத்தால் எல்லாருக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது என்றார். ஆனால் நாம் இப்போது கேட்டது இசை, கம்ப்யூட்டரில் செய்தது. அதில் எதை வேண்டுமானாலும் இரண்டு தடவை அடிக்க வைக்கலாம். செய்தவரே இருக்கிறார், அவரையே கேளுங்கள் என்றார்.

அத்தனை தலையும் பின்னால் திரும்பியது.

அவர் சொன்னது நிஜம். இந்தப் பகுதியில் மொத்தம் நாற்பத்திரண்டு இடத்தில் இரண்டாவது அடியை வெட்டி ஒட்டியது பூர்ணிமாதான். இசையாக்கப்போய் அதைச் சாட்சிக்கு லாயக்கில்லாததாக ஆக்கியவளும் அவள்தான். வெட்டாத பதிவு லேப்டாப்பில் இருந்தது. பதினொன்று நாற்பதை மட்டும் போட்டுக் காட்டலாம். அதற்கும் சக்கரபாணி, அந்தம்மா இரண்டு தடவை மிதித்த சத்தம்தான் அது என்பார். கோளாறு கம்பெனிக்குக் காலையிலேயே தெரியும் என்பதற்கு அத்தாட்சி ஒன்றே ஒன்றுதான், பதிவின் முதல் நிமிஷத்தில் வடிவேல் பேசியது. வடிவேல் பேசி முடித்ததும் யார் பேசினார்கள் என்பதும் பூர்ணிமாவுக்குத் தெரியும்.

வெட்டிவிடலாம். இரண்டே நிமிஷ வேலை. வடிவேல் பேச்சு முடிகிற இடத்தில் வெட்டி, சக்கரபாணி சரி என்று சொல்கிற இடத்தில் ஒட்டினால், தையல் இருப்பதே தெரியாது. இந்த ஊரில் அவ்வளவு சுத்தமாக வெட்டக்கூடியவள் அவள் ஒருத்திதான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு லேப்டாப்பைத் திறந்து அந்த இடத்தைக் கண்டுபிடிக்கவும் செய்தாள். மேடும் பள்ளமுமாகத் தன் குரல் திரையில் தெரிந்தது, கொஞ்சூண்டு, விரல் நகம் அகலத்துக்கு. திரும்பவும் அஞ்சலாட்சியைப் பார்த்தாள். அவள் இன்னும் கும்பிட்ட கையைப் பிரிக்கவில்லை. பூர்ணிமா ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். மைக்கை எடுத்து, இது எதுவும் வெட்டாத பதிவு என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆரம்பத்திலிருந்து ஓடவிட்டாள்.

முதலில் மின்விசிறி கேட்டது. பிறகு ஸ்பானர் பையைத் தரையில் வைக்கும் சத்தம். பிறகு வடிவேலின் குரல்.

"சார், கிளட்சு போயிருக்கு. தானா ரெண்டாவது அடி அடிக்குது. கைய வச்சா கை போயிடும் சார். இன்னிக்கே கழட்டிடுறேன்."

கை போயிடும் என்று அவர் சொன்னது பூர்ணிமாவுக்கு நினைவே இல்லை. சத்தியமாக நினைவில்லை. ஓர் அடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள்; எறும்பு ஊர்வதைக்கூடப் பதிவு செய்வேன் என்று பேட்டி கொடுத்தவள்; அந்த இரண்டு வார்த்தை அவள் காதில் விழவேயில்லை. இப்போது முந்நூறு பேரோடு சேர்ந்து முதல் தடவையாகக் கேட்டாள். அதற்கடுத்து ஒரு பெண் குரல் வந்தது, குழைவாக, செல்லமாக.

"அண்ணே, இன்னிக்கு ஒரே ஒரு நாள் அப்படியே வுடுங்கண்ணே. இந்தச் சத்தம் போச்சுன்னா எனக்குத் திரும்பக் கெடைக்காது."

சக்கரபாணி சிரிப்பதும், சரி மேடம் உங்களுக்காக என்பதும் கேட்டது. இரண்டாம் வரிசையில் சலவைச் சட்டைக்காரர் உட்கார்ந்துவிட்டார். பூர்ணிமாவால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. பதிவைப் பதினொன்று நாற்பதுக்குத் தள்ளினாள். டக்-டக். ஒவ்வொன்றாக இயந்திரங்கள் நின்றன. இந்த முறை மின்விசிறி நிற்கவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது. அஞ்சலாட்சி கத்தின சத்தம் எதுவும் இல்லை. அதற்குப் பின், பூர்ணிமா கரண்ட் போன பேச்சு என்று வெட்டிப்போட்ட இடத்தில், ஓடி வரும் கால்கள். துணி கொண்டாங்க என்று யாரோ. அதற்குப் பிறகு வடிவேல், அழுதுகொண்டே, காலையிலயே கழட்டியிருப்பனே, காலையிலயே கழட்டியிருப்பனே என்று திரும்பத் திரும்பச் சொன்னது. அரங்கத்தில் சிலர் வாய்விட்டு அழுதார்கள். மதாமுக்குத் தமிழ் தெரியாது. பக்கத்திலிருந்தவர் காதோடு சொல்லச் சொல்ல அவர் கையில் இருந்த ரோஜா நசுங்கியது.

பதிவை நிறுத்தியபோது அஞ்சலாட்சி மிக்ஸர் மேசைக்கு எதிரில் வந்து நின்றிருந்தாள். பூர்ணிமா ஏதாவது சொல்லத்தான் நினைத்தாள். மன்னிச்சிடுங்க என்பது ரொம்பச் சின்ன வார்த்தையாக இருந்தது. சொல்லாமல் அழுதாள். அஞ்சலாட்சி அழவில்லை. தெரியாத ஆளைப் பார்ப்பது போல அவள் முகத்தை நிதானமாகப் பார்த்தாள்.

"நீ ரொம்ப நல்ல பொண்ணுன்னு எங்க வீட்ல சொல்லிட்டு வந்தேன் பாப்பா," என்றாள்.

பிறகு லேப்டாப்பைக் காட்டி, "அத எனக்குக் குடு," என்றாள்.

பூர்ணிமா முழுப் பதிவையும் ஒரு பென் டிரைவில் ஏற்றினாள்.  இரண்டு கையாலும் அதை ஏந்தி நீட்டினாள். அஞ்சலாட்சி இடது கையிலிருந்த ரோஜாவை மேசையில் வைத்துவிட்டு, வலது கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.